பெருந்தேவி சொன்ன சந்தை

சின்னக் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு பெருந்தேவி இருந்த காலம் அது. கோயிலில் தாயாருக்கு அந்தப் பெயர். அதையே பெண்ணுக்கும் வைத்துவிட்டால் வேறு பெயர் யோசிக்கிற வேலை மிச்சம் என்று அந்த ஊர்த் தகப்பன்மார் தீர்மானித்துவிட்டார்கள் போலும். யாராவது தெருவில் நின்று "பெருந்தேவி!" என்று குரல் கொடுத்தால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அதனால் ஒவ்வொருத்திக்கும் ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. மூக்குத்திப் பெருந்தேவி, கிணற்றடிப் பெருந்தேவி என்று. நம்முடையவள் இங்கிலீஷ் வாத்தியார் ஆத்துப் பெருந்தேவி.

அவள் ஓரிக்கைப் பெண். பத்து வயதில் கழுத்தில் திருமாங்கல்யம் ஏறி, சின்னக் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தாள். எழுத்து வாசனை கிடையாது. அது ஒரு குறை என்று அவளுக்கும் தோன்றவில்லை, அவளைப் பெற்றவர்களுக்கும் தோன்றவில்லை. அவளைக் கட்டிக்கொண்ட ஹயக்ரீவனுக்கோ இங்கிலீஷ் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. மனைவியை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அதில் அதிசயமும் இல்லை, அந்தத் தெருவில் எந்தப் புருஷன் அழைத்தான்? தொண்டையைக் கனைப்பார். காபிக்கு ஒரு கனைப்பு, வெற்றிலைக்கு ஒரு கனைப்பு, அங்கவஸ்திரத்தை எங்கே தொலைத்தாய் என்பதற்கு ஒரு கனைப்பு. அவளுக்கு எல்லாம் அத்துப்படி. ஒரே பெண் சூடாமணி பிறந்து, வளர்ந்து, கல்யாணத்துக்கு நிற்கிற வரைக்கும் அவர்கள் குடித்தனம் இந்தக் கனைப்பிலேயே ஓடிவிட்டது. சண்டை வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஹயக்ரீவன் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புகளுக்கு இங்கிலீஷ் எடுத்தார். காலையும் மாலையும் வீட்டுக் கூடத்தில் பையன்களை உட்கார்த்தித் தனிப்பாடம். அவர் பாடம் சொல்லுகிற விதம்தான் ஊருக்கெல்லாம் வேடிக்கை. "வெள்ளைக்காரன் சாதாரணச் சொல் ஒண்ணை எடுத்துண்டு அதைச் சுத்தியே பத்து விதமாப் பேசுவான். தனிச் சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சா பிரயோஜனம் இல்லை. அது யாரோட சேந்துண்டு வரதுன்னு பாக்கணும்" என்பார். ஆகவே வாரத்துக்கு ஒரு சொல். ஒரு வாரம் முழுக்கக் 'கை'. அடுத்த வாரம் 'கண்'. பிறகு 'தலை'. ஐப்பசி மழை கழிந்து கார்த்திகை பிறந்தால் 'தண்ணீர்'. வருஷா வருஷம் இந்த வரிசை மாறாது.

தண்ணீரை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் படுத்தியிருக்கிற பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒருவன் வம்பில் மாட்டிக்கொண்டால் அவன் வெந்நீரில் இருக்கிறானாம். ஒருவன் ஆசையாய் ஒரு காரியம் சொல்ல, மற்றவன் அதைக் கெடுத்துப் பேசினால் பச்சைத் தண்ணீரைக் கொட்டிவிட்டானாம். வாதம் சரியாக இருந்தால் அதில் தண்ணீர் நிற்குமாம். கஷ்டத்திலும் எப்படியோ காலம் தள்ளுகிறவன் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கிறானாம். பொருந்தாத இடத்தில் வந்து சேர்ந்தவன் தண்ணீரை விட்டு வெளியே வந்த மீனாம். அந்தக் கடைசி ஒன்றை மட்டும் நம்மவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இதையெல்லாம் பையன்கள் தலையில் ஏற்ற ஹயக்ரீவன் பிடித்த வழி, சந்தை. கத்திரிக்காய் விற்கிற சந்தை இல்லை. பிரபந்தமும் வேதமும் பாடம் செய்கிற முறைக்கு அந்தப் பெயர். குரு ஒரு அடியை ஒரு தரம் சொல்லுவார். சிஷ்யர்கள் அதே ராகத்தில் இரண்டு தரம் சொல்லுவார்கள். தப்பு வந்தால் குரு அடுத்த அடிக்குப் போகமாட்டார். சரியாக வரும்வரை சிஷ்யர்கள் அதையே திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஹயக்ரீவன் சிறு வயதில் தகப்பனாரிடம் பிரபந்தம் கற்றது அப்படி. அவருக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்ததும் அந்த ஒரு வழிதான். "இன் ஹாட் வாட்டர்" என்று அவர் இழுத்துச் சொல்ல, "இன் ஹாட் வாட்டர், இன் ஹாட் வாட்டர்" என்று பையன்கள் கோஷ்டியாகச் சொல்ல, தெருவில் போகிறவர்கள் "வாத்தியார் ஆத்துல துரைமார் பிரபந்தம் சேவிக்கறா" என்று கேலி செய்துகொண்டு போவார்கள்.

சமையலறை கூடத்தை ஒட்டினாற்போல் இருந்தது. பெருந்தேவிக்கு வேண்டாமென்றாலும் காதில் விழும். வருஷக் கணக்கில் விழுந்தது. அர்த்தம் தெரியாது, தேவையும் இல்லை. ஆனால் எந்த அடிக்குப் பிறகு எந்த அடி என்பது, சாதம் வடித்த பிறகு குழம்பு என்பதைப் போல அவளுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

சூடாமணிக்கு ஆவணியில் நிச்சயம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஊர் தாமல். அவனுடைய தகப்பனார் சக்ரவர்த்தி, ஆசாரத்தில் ஒரு நூல் பிசகாத மனிதர். தையில் கல்யாணம் என்று பேச்சு.

கார்த்திகையில் ஒருநாள் காலை, தண்ணீர் வாரம். பெருந்தேவி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கீப் யுவர் ஹெட் அபவ் வாட்டர்" என்று ஹயக்ரீவன் சொன்னது கேட்டது. பையன்கள் இரண்டு தரம் சொன்னார்கள். அடுத்து மீன் அடி வரவேண்டும். வரவில்லை. பையன்கள் மறுபடி அதே அடியைச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார்கள். யாரோ ஒரு தடியன் உச்சரிப்பைக் கெடுத்திருக்கிறான், அவர் விடாமல் சொல்ல வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் காயை நறுக்கினாள். பையன்களும் அதையேதான் நினைத்தார்கள். வாத்தியார் தலை கவிழ்ந்திருந்தது. கோபம் வந்தால் அப்படித்தான் உட்காருவார். ஆகவே இன்னும் உரக்க, இன்னும் சுத்தமாகச் சொன்னார்கள். தலையைத் தண்ணீருக்கு மேலே வை, தலையைத் தண்ணீருக்கு மேலே வை என்று அத்தனை பேரும் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்கள். காய் முழுவதும் நறுக்கி, அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டுத்தான் அவள் கூடத்துக்கு வந்தாள்.

ஹயக்ரீவனின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. பையன்கள் அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

பாரிச வாயு என்றார் வைத்தியர். டவுனிலிருந்து டாக்டரும் வந்து வேறு பெயர் சொல்லிவிட்டுப் போனார். பெயர் எதுவானாலும் வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். தைலம் தேய்த்தார்கள், கஷாயம் கொடுத்தார்கள். கண் திறந்திருக்கும். ஊட்டினால் விழுங்குவார். தூக்கி உட்கார்த்தினால் உட்காருவார். "அப்பா, நான் யார் சொல்லுங்கோ" என்று சூடாமணி முகத்துக்கு நேரே நின்று கெஞ்சுவாள். பார்ப்பார். சுவரைப் பார்க்கிற பார்வையும் அதேதான். நாராயணா என்று ஒரு சொல் வரவில்லை. கனைப்புகூட வரவில்லை.

பெருந்தேவி அழவில்லை. முதலில் எல்லோரும் மெச்சினார்கள், எத்தனை தைரியம் என்று. பத்துப் பதினைந்து நாள் ஆனதும் அதையே வேறு விதமாகப் பேசினார்கள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை என்பதுதான் நிஜம். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு, தோல் கன்றியிருப்பதைச் சாயங்காலம்தான் பார்த்தாள். சாப்பிட்டால் உப்பு தெரியவில்லை. துக்கம் என்று ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே போயிற்று என்று தனக்குள் தேடிக்கூடப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அன்று வரவேண்டிய அடுத்த அடி வரவில்லை. காது இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. துணி துவைக்கும்போதும், கோலம் போடும்போதும், புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும், நின்றுபோன அந்த இடத்திலேயே அவளும் நின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணக் கூறைப் புடவையை நெய்யக் கொடுத்திருந்தது பிள்ளையார்பாளையத்தில். நெய்கிறவர் மனைவி காந்தா, கரைக்கு நிறம் கேட்க வந்தவள், பின்பக்கம் கிணற்றடியில் பெருந்தேவியைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சாமிக்கு எப்டிம்மா இருக்குது?"

"அப்படியேதான் இருக்கு."

"நீ இன்னாம்மா இப்டி மரமாட்டம் நின்னுக்கினு இருக்கற? அழுதுடும்மா. உள்ளயே வச்சிக்கினு இருந்தா ஒடம்புக்கு ஆவாது."

"வந்தா அழமாட்டேனா காந்தா? வரலை. அரக்குக் கரை போடச் சொல்லு."

தைக் கல்யாணம் தள்ளிப் போயிற்று. ஆனிக்கு மேல் தள்ள முடியாது என்று தாமலிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள். கன்யாதானத்தில் பெண்ணைக் கொடுக்கிறவன் வாயால் சங்கல்பம் சொல்ல வேண்டும், இந்தப் பெண்ணைக் கொடுக்கிறேன் என்று வாக்குச் சொல்ல வேண்டும். ஊமையாய் உட்கார்ந்திருந்தால் கொடுத்தது ஆகாது. அதனால் வேறு யாராவது உட்கார்ந்து கொடுக்கட்டும்.

வேறு யார்? ஹயக்ரீவனின் சித்தப்பா பிள்ளை பாச்சா இருக்கிறார். நல்ல மனிதர், கூப்பிட்ட குரலுக்கு வருவார். அவர் மனைவி குமுதவல்லிக்கு மூன்றும் பிள்ளைகள், பெண் கிடையாது. செய்தி கேட்ட அன்றே அவள் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பட்டுப் புடவையை வெயிலில் போட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பெண்ணில்லாதவளுக்குத் தாரை வார்க்கிற பாக்கியம் வாசல் தேடி வந்தால் யார்தான் வேண்டாம் என்பாள்?

ஏனென்றால், கொடுக்கிறவன் பக்கத்தில் செம்பை ஏந்தி நின்று ஜலம் விடவேண்டியவள் அவனுடைய மனைவி. பாச்சா கொடுத்தால் குமுதவல்லி விடுவாள். புருஷன் கண்ணெதிரே உயிரோடு இருக்க, நெற்றியில் குங்குமம் இருக்க, பெற்ற பெண் மணையில் இருக்க, பெருந்தேவி கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று பார்க்க வேண்டும். எதுவும் உறைக்காத அவளுக்கு அது உறைத்தது. வலியாக இல்லை. மரத்துப்போன காலை யாரோ தூரத்திலிருந்து மிதிக்கிற மாதிரி இருந்தது.

"மன்னி, நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் உக்காருவேன்" என்றார் பாச்சா.

"அவர் இருக்காரே, பாச்சா" என்றாள்.

பங்குனியில் ஒரு காலை. ஹயக்ரீவனைச் சுவரில் சாய்த்து உட்கார்த்திவிட்டு, உத்தரிணியால் ஜலம் விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி விட்டால் அவர் விழுங்குகிறவரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் வழக்கம்போல அவள் காதுக்குள் பையன்கள் கத்தினார்கள். கீப் யுவர் ஹெட் அபவ் வாட்டர். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அதே அடி. திடீரென்று அவளுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை மாதமாக இந்த அடியிலேயே கிடந்து உழல வேண்டுமா, முடித்துத் தொலைத்தால் என்ன என்று, வராத அடியை அவளே வாய்விட்டுச் சொன்னாள். அவருடைய அதே ராகத்தில்.

"லைக் எ ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்."

"லைக் எ ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்" என்றார் ஹயக்ரீவன். "லைக் எ ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்."

இரண்டு தரம். சிஷ்யன் சொல்லுகிறபடி. குழறல் கொஞ்சம் இருந்தது, ஆனால் அடி முழுசாக வந்தது. கூடத்தில் வேறு யாரும் இல்லை. உத்தரிணி கையிலிருந்து விழவில்லை. அவள் இன்னொரு கரண்டி ஜலம் எடுத்து விட்டாள், அவர் விழுங்கினார். பிறகு "இன் ஹாட் வாட்டர்" என்றாள். இரண்டு தரம் வந்தது. "ஹோல்ட் வாட்டர்" என்றாள். வந்தது. ஆசையோடு "நாராயணா" என்றாள். வரவில்லை. "சூடாமணி" என்றாள். கண் சுவருக்குப் போய்விட்டது.

மறுநாள் தந்திரம் செய்தாள். குழந்தைக்குக் கசப்பு மருந்தை வெல்லத்துக்குள் வைத்துக் கொடுக்கிறோமே, அப்படி. தண்ணீர் அடிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், ராகம் மாறாமல், மூச்சு விடாமல் நடுவில் "சூடாமணி" என்று நுழைத்தாள். நாலைந்து நாள் அந்த இடம் வந்ததும் அவர் நின்றுவிடுவார். பிறகு ஒருநாள் நிற்கவில்லை. "சூடாமணி, சூடாமணி" என்றார். உள்ளேயிருந்து பெண் ஓடிவந்து, "அப்பா என்னைக் கூப்பிட்டார்" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கூப்பிடவில்லை, திருப்பிச் சொன்னார் என்பது பெருந்தேவிக்குத் தெரியும். பெண்ணிடம் சொல்லவில்லை.

புரோகிதரை வரவழைத்து, கன்யாதான வாக்கியத்தைச் சின்னச் சின்னத் துண்டாக அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். எழுதிக்கொள்ளத் தெரியாதவளுக்குக் கேட்டதெல்லாம் நிற்கும். தினம் காலையில் ஜலம் விடுகிற நேரம் பாடம். முதலில் துரை பாஷை, நடுவில் தேவ பாஷை. 'கொடுக்கிறேன்' என்று அர்த்தமாகிற கடைசிச் சொல், ப்ரதிபாதயாமி, அது மட்டும் வைகாசி முழுவதும் இழுத்தடித்தது. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை.

விஷயம் தாமலுக்கு எட்டியது. சக்ரவர்த்தியே கிளம்பி வந்துவிட்டார். கூடத்தில் புரோகிதரும் பாச்சாவும் பக்கத்தில் இருக்க, சம்பந்தி எதிரே உட்கார்ந்து பார்த்தார். பெருந்தேவி கதவோரம் பாதி மறைந்து நின்று சொன்னாள். ஹயக்ரீவன் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார்.

"கிளியைக் கொண்டுவந்து மணையில வெச்சாலும் இதைச் சொல்லும், ஸ்வாமி" என்றார் சக்ரவர்த்தி புரோகிதரிடம்.

புரோகிதருக்குச் சிரிப்பு வந்தது. "நானும் எத்தனையோ கல்யாணம் பண்ணி வெச்சாச்சு. எந்தப் பெண்ணைப் பெத்தவன் அர்த்தம் தெரிஞ்சு சொல்லியிருக்கான்? நான் சொல்றேன், அவன் திருப்பிச் சொல்றான், ஜலத்தை விடறா, எல்லாரும் சாப்பிடப் போறா. நடுவுல இங்கிலீஷ் வரப்படாது, முன்னாடி சொல்லிண்டா தோஷமில்லை."

"அது வேற. அவாளுக்கெல்லாம் உள்ள மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு நமக்குத் தெரியும். கொடுக்கறது மனசு. வாய் இல்லை. இவருக்கு இருக்கா? யார் சொல்லுவா?"

கேட்டது நியாயமான கேள்வி. தினம் ஊட்டும்போதும் துடைக்கும்போதும் பெருந்தேவி கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான். சம்பந்தியோடு நேரே பேசுகிற வழக்கமில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து புரோகிதரைப் பார்த்துச் சொன்னாள்.

"அவர்ட்ட சொல்லுங்கோ ஸ்வாமி. மனசு இருக்கான்னு எனக்கும் தெரியாது. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கறதா வெச்சுண்டுதான் தினம் ஊட்டிண்டிருக்கேன். அவரும் அப்படியே வெச்சுக்கட்டும்."

சக்ரவர்த்தி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. ஆனா மணையில வாய் அடைச்சுண்டுட்டா முகூர்த்தம் நிக்காது. பாச்சாவும் அவர் ஆத்துக்காரியும் பக்கத்துலயே தயாரா இருக்கட்டும்" என்றார்.

ஆனியில் கல்யாணம். அவர் பாடம் சொன்ன அதே கூடத்தில்தான் மணை. பழைய பையன்கள் பந்தல் போடவும் பந்தி விசாரிக்கவும் வந்திருந்தார்கள். ஹயக்ரீவனைத் தூக்கிவந்து, முதுகுக்குத் திண்டு வைத்து உட்கார்த்தினார்கள். சூடாமணி அரக்குக் கரைக் கூறையைக் கட்டிக்கொண்டு தகப்பனார் மடியில் உட்கார வந்தாள். உட்கார்ந்த மாதிரிதான் இருந்தாள். பாரம் அவர்மேல் விழக்கூடாது என்று முழங்காலை ஊன்றித் தன்னைத் தானே தாங்கிக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்ற பெருந்தேவிக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் பாச்சா பஞ்சகச்சத்தோடு நின்றார். குமுதவல்லி பட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பெருந்தேவியின் கையில் வெள்ளிச் செம்பு. அது கனக்கிறதா, குளிர்கிறதா, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. புரோகிதர் தலையை அசைத்தார். அவள் குனிந்து ஹயக்ரீவன் காதருகே முதல் அடியைச் சொன்னாள். நாயனமும் தவிலும் போட்ட போடில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை. அவர் வாசல் பந்தல் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னாள். ஒன்றுமில்லை. சக்ரவர்த்தி பாச்சாவைப் பார்த்தார். பாச்சா மேல்துண்டை இடுப்பில் கட்டினார். குமுதவல்லி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கோ" என்றாள் பெருந்தேவி.

அவள் குரல் அவ்வளவு உரக்க அந்த வீட்டில் கேட்டதே இல்லை. மேளம் நின்றது. கூடம் முழுக்க ஜனம், ஒரு சத்தமில்லை. கொல்லைப்பக்கம் சமையல்காரன் கரண்டி தட்டுகிறது கேட்டது. அத்தனை பேருக்கும் நடுவில் நிமிர்ந்து நின்று, வாத்தியார் ராகத்தில் அவள் சொன்னாள்.

"கீப் யுவர் ஹெட் அபவ் வாட்டர்."

அவர் வாய் திறப்பதற்குள் கூடத்தின் நாலு மூலையிலிருந்தும் இரண்டு தரம் வந்தது. பழைய பையன்கள். ஒருவன் கையில் சந்தனக் கிண்ணம், ஒருவன் தோளில் வாழையிலைக் கட்டு. சொல்ல வேண்டும் என்று யாரும் நினைத்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹயக்ரீவனின் தலை மெல்லத் திரும்பியது.

"லைக் எ ஃபிஷ் அவுட் ஆஃப் வாட்டர்" என்றாள்.

இந்தத் தடவை அவர் குரலும் கோஷ்டியில் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. புரோகிதரும் சமயம் தெரிந்தவர், அவள் மூச்சு விடுகிற இடத்தில் தன் வாக்கியத்தைத் தொடுத்தார். அவர் துண்டு துண்டாகச் சொல்ல, அதை அவள் ராகத்தில் போட்டுக் கொடுக்க, ஹயக்ரீவன் தனியாகச் சொன்னார். கோத்திரம் வந்தது. பாட்டனார் பெயர் வந்தது. சூடாமணி என்று இரண்டு தரம் வந்தது. கடைசியில் ப்ரதிபாதயாமி, ப்ரதிபாதயாமி என்றும் வந்துவிட்டது. குமுதவல்லி முன்வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

இனி ஜலம் விட வேண்டியதுதான் பாக்கி. எல்லோரும் பெருந்தேவியைப் பார்த்தார்கள்.

அவள் நின்றாள். கார்த்திகையிலிருந்து எதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாளோ அது முடிந்துவிட்டது. அதற்கு அப்புறம் செய்ய வேண்டியது என்ன என்பது அவள் நினைவில் இல்லை. செம்பு கையில் இருப்பதுகூட நினைவில்லை. புரோகிதர் சைகை செய்தார். பாச்சா "மன்னி" என்றார். அவளுக்கு எட்டவில்லை.

"ஜலம்" என்றார் ஹயக்ரீவன்.

ஒரு தரம். யாரும் எடுத்துக் கொடுக்காத சொல். பாடத்தில் இல்லாத சொல். அவருக்குத் தாகமோ, செம்பைச் சாய்க்கச் சொன்னாரோ, அதைப் பற்றி அந்தத் தெருவில் பிற்பாடு ரொம்ப நாள் பேசினார்கள். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரையோ மூங்கிலையோ இல்லை. அவளைத்தான். ஒரே ஒரு தரம், குரு சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"ஜலம்" என்றாள் பெருந்தேவி. "ஜலம்."

செம்பைச் சாய்த்தாள். மாப்பிள்ளை கைமேல் பெண்ணின் கை, அதற்கு அடியில் தூக்கி வைத்த ஹயக்ரீவனின் செத்த வலது கை, எல்லாவற்றின்மேலும் ஜலம் ஓடிற்று. விரல் நுனியில் அது சில்லென்று பட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. கார்த்திகையில் வந்திருக்க வேண்டிய அழுகை. உடம்பு குலுங்க, வாய்விட்டு, கல்யாண வீடு என்றும் பார்க்காமல் அழுதாள். சக்ரவர்த்தி தலை குனிந்துகொண்டார். கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள்.

செம்பு காலியான பிறகும் அவள் சாய்த்த கையை நிமிர்த்தவில்லை. குமுதவல்லிதான் வந்து மெல்ல வாங்கி, மறுபடி நிரப்பி, ஒரு உத்தரிணியும் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பெருந்தேவி அங்கேயே உட்கார்ந்து அவருக்கு ஊட்டினாள்.